நான்காவது துப்பட்டா

ஆகஸ்ட் 4, திங்கள்

என் வீட்டுக்காரருக்கு வலது கண்ணில் புரை அறுவை முடிந்து மூன்று நாள் ஆகிறது. சொட்டு மருந்து இரண்டு வகை. வெள்ளை மூடி நாளுக்கு ஆறு தடவை, பச்சை மூடி நான்கு தடவை. நேற்று வெள்ளையா பச்சையா என்று இருவரும் சண்டை போட்டதில் ஒரு வேளை தவறிவிட்டது. அதனால்தான் மருந்துக்கடைக்காரர் வருடப் பிறப்பன்று கொடுத்த இந்த டைரியை எடுத்தேன். ஏழு மாதமாக அரிசி டப்பாவுக்கு அடியில் சும்மா கிடந்தது.

வெள்ளை: 6, 9, 12, 3. மீதி இரண்டும் பச்சையும் நான் வேலைக்குப் போனபின் அவரே போட்டுக்கொள்ள வேண்டும். ஒழுங்காகப் போட மாட்டார், தெரியும்.

அலுவலகத்தில் செய்தி ஆசிரியர் நல்லசிவம் கூப்பிட்டார். என்னைவிட ஆறு வயது இளையவர், மரியாதையானவர். "மேடம், நம்ம பகுதிநேர நிருபர்களுக்கு ஒரு கையேடு போடணும்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. செய்திய எப்படி அடுக்கணும், எது முதல்ல, எது கடைசில. பதினாறு பக்கம் போதும். உங்களைவிட்டா யாருக்கு அது தெரியும்?" என்றார்.

யாருக்கும் தெரியாது. இருபத்து மூன்று வருடமாக மாவட்டப் பக்கத்தை நான்தான் கட்டுகிறேன். பெருமையாகத்தான் இருந்தது. இல்லை என்று எழுதி இந்த டைரியை ஏமாற்றுவானேன்.

ஆகஸ்ட் 6, புதன்

மருந்து நேரம் போக இடம் மிச்சம் இருப்பதால் கையேட்டுக் குறிப்பையும் இதிலேயே எழுதுகிறேன்.

நம் நிருபர்கள் செய்தியைக் கல்யாண வீட்டுக் கதை மாதிரி சொல்கிறார்கள். பெண் பார்த்ததில் ஆரம்பித்து, நிச்சயதார்த்தம் வந்து, தாலி கட்டும்போது எனக்குப் பக்கம் முடிந்துவிடுகிறது. போன வருடம் ஒருவர் தீ விபத்துச் செய்தியை, கடைக்காரர் காலையில் குளித்துவிட்டுக் கடை திறந்ததிலிருந்து எழுதியிருந்தார். பதினோராவது வரியில்தான் தீப்பிடித்தது.

முதல் வாக்கியத்தில் நடந்தது வர வேண்டும். அடுத்து யாருக்கு, எங்கே, எப்படி. பிறகு காரணம். பிறகு போலீஸ். கடைசிக்குப் போகப் போக வெட்டினாலும் குறையாத விஷயம்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் விளம்பரம் வந்தால் நான் வாலிலிருந்துதான் வெட்டுவேன். வாலில் உயிரை வைத்தவன் என்னைத் திட்டக் கூடாது.

விபத்துச் சாவுக்கு மட்டும் எங்களிடம் தனியாக ஓர் அச்சு இருக்கிறது, அதில் நடந்ததைத் தலைப்பே சொல்லிவிடும். தெரு, அப்பா பெயர், அப்பா தொழில், இறந்தவர் பெயர், அடைப்புக்குறிக்குள் வயது. பிறகு 'எதிர்பாராதவிதமாக'. பிறகு 'பரிதாபமாக'. பிறகு உள்தலைப்பு, போலீஸ் விசாரணை. முடிவில் அந்தப் பகுதியில் சோகம். நடந்தது மில்லிலோ பட்டறையிலோ என்றால் 'தனியார்' என்று மட்டும் போடுவோம். முதலாளிக்குப் பெயர் கிடையாது. அது வழக்கம்.

கண்ணில் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பதால் அவரால் பேப்பர் படிக்க முடியவில்லை. காலையில் நான் வாசித்துக் காட்டுகிறேன். முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர், எது வாசித்தாலும் கேள்வி கேட்கிறார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

கையேட்டுக்கு மாதிரிச் செய்தி ஒன்று வேண்டும். இடது பக்கம் நிருபர் அனுப்பிய காப்பி, வலது பக்கம் அச்சில் வந்தது. பார்த்ததும் வித்தியாசம் புரிய வேண்டும்.

ஜூன் 18ஆம் தேதி நாலாம் பக்கத்தில் நான் எழுதியதைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். அன்று நல்லசிவமே, "கச்சிதமா இருக்கு மேடம்" என்று சொன்னார். கத்தரித்து ஒட்டுகிறேன்:

மில் எந்திரத்தில் துப்பட்டா சிக்கி இளம்பெண் பலி

கரட்டுப்பட்டி மேற்குத் தெருவைச் சேர்ந்தவர் வீரணன். கூலித் தொழிலாளி. இவருடைய மகள் ரோகிணி (வயது 19). அதே பகுதியில் உள்ள தனியார் நூல் மில்லில் வேலை பார்த்து வந்தார். நேற்று வழக்கம்போல் வேலைக்குச் சென்ற ரோகிணி, எந்திரத்தில் படிந்த பஞ்சைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். அப்போது எதிர்பாராதவிதமாக அவருடைய துப்பட்டா எந்திரத்தில் சிக்கியது. இதில் எந்திரத்துக்குள் இழுக்கப்பட்ட அவர் சம்பவ இடத்திலேயே பரிதாபமாக இறந்தார்.

போலீஸ் விசாரணை: இதுகுறித்துத் தகவல் அறிந்த போலீசார் விரைந்து சென்று, உடலைக் கைப்பற்றிப் பிரேத பரிசோதனைக்காக அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தனர். இளம்பெண் பலியான சம்பவம் அப்பகுதியில் சோகத்தை ஏற்படுத்தியுள்ளது.

பதினெட்டு வரி. ஒரு சொல் கூட ஆடாது.

ஆகஸ்ட் 13, புதன்

நிருபர் செபஸ்தியான் அனுப்பிய மூலக் காப்பியை டெஸ்க் போனில் தேடினேன். இரண்டு மாதத்து வாட்ஸப்பைத் தள்ளித் தள்ளிக் கட்டை விரல் வலித்தது. கிடைத்தது. ஆறே வரி. அச்சில் வந்ததோடு வைத்துப் பார்த்தேன். இரண்டு இடத்தில் வித்தியாசம்.

போனை வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து மாவு அரைத்தேன். மிக்சி சூடாகி நின்றுவிட்டது. உளுந்தில் பாதி அப்படியே இருக்கிறது.

கையேட்டுக்கு வேறு மாதிரி தேடலாம் என்று நினைக்கிறேன். கும்பாபிஷேகச் செய்தி எதாவது எடுத்தால் அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

வெள்ளை 6, 9, 12, 3. பச்சை இனி மூன்று தடவை போதும் என்றார் டாக்டர்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்று அந்தப் பெண்ணின் அம்மா வந்தார்.

நான்கு மணி இருக்கும். வரவேற்பில் இருக்கும் பெண் போன் செய்து, "மேடம், யாரோ கரட்டுப்பட்டிலருந்து வந்திருக்காங்க, செய்தி போட்டவங்களப் பாக்கணுமாம்" என்றாள். செய்தி ஆசிரியர் இல்லை. நான் இறங்கிப் போனேன். நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கும். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. கையில் ஜவுளிக்கடைப் பை.

"எம்பேரு பஞ்சவர்ணம். ரோகிணியோட அம்மா" என்றார். பிறகு மடித்து மடித்து நைந்துபோன எங்கள் நாலாம் பக்கத்தை எடுத்தார். "இத எழுதுனது யாருன்னு தெரியணும் மேடம்."

"என்னம்மா விஷயம், சொல்லுங்க" என்றேன்.

பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். ஒரு நீலத் துப்பட்டா, ஒரு ரோஸ், ஓரத்தில் சரிகை வைத்த ஒரு பச்சை. துவைத்து இஸ்திரி போட்டு மடித்தவை.

"எம்மககிட்ட இருந்ததே மூணு துப்பட்டாதான் மேடம். மூணும் இந்தா இருக்கு. இதுல எது மெசின்ல சிக்குச்சு?"

ரோஸ் துப்பட்டாவை என் பக்கம் நகர்த்தினார்.

"மில்லுக்குள்ள துப்பட்டா போடவே விட மாட்டாங்க. ஓவர்கோட்டு, தலைக்குத் தொப்பி, அம்புட்டுதேன். அன்னைக்கும் இந்த ரோச வீட்ல கொடியில போட்டுட்டுத்தான் போனா. சாயங்காலம் நான்தான் எடுத்து மடிச்சேன். அவ செத்ததே எனக்கு அப்பத் தெரியாது."

மில்காரர்கள் தொழிற்சாலை அதிகாரியின் விசாரணைக்குப் பதில் கொடுத்திருக்கிறார்களாம். அந்தப் பெண் விதியை மீறித் துப்பட்டா போட்டு வந்தாள், தப்பு அவள்மேல்தான், பேப்பரிலேயே வந்திருக்கிறது என்று எங்கள் செய்தியை நகல் எடுத்து இணைத்திருக்கிறார்கள். அதைவிட அவருக்குப் பெரிய கஷ்டம் வீட்டில். "எங்க வீட்டுக்காரரு எழுத்துக்கூட்டிப் படிப்பாரு மேடம். பேப்பர்ல போட்டா அது சத்தியம் அவருக்கு. ரெண்டு மாசமாப் புள்ளயத் திட்றாரு. போட்டோவப் பாத்துத் திட்றாரு. 'ஒழுங்கா ஒரு துணி போடத் தெரியாதாடி, எங்களக் கொன்னுட்டுப் போயிட்டியே'ன்னு. செத்த புள்ளய யாராச்சும் திட்டுவாங்களா?"

"நிருபர் குடுத்ததைத்தாம்மா நாங்க போடுவோம். நான் கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

அப்படித்தான் சொன்னேன். அவர் துப்பட்டாக்களைத் திரும்ப மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, என் போன் நம்பரை வாங்கிக்கொண்டு போனார். மேலே வந்து கவுன்சிலர் பேட்டியை ஏழு வரிக்குச் சுருக்கினேன்.

ஆகஸ்ட் 20, புதன்

செபஸ்தியானுக்குப் போன் போட்டேன். பகலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார், மெஷின் சத்தத்துக்கு நடுவே பேசினார்.

"நான் துப்பட்டான்னு அனுப்பலையே மேடம். மறுநாள் பேப்பர்ல பாத்து எனக்கே ஆச்சரியம்."

"அப்ப ஏன் கேக்கல?"

"மேடம் போலீஸ்ல பேசி உறுதி பண்ணிருப்பீங்கன்னு நெனச்சேன். நீங்க போட்டா தப்பா இருக்காதுல்ல?"

இருபத்து மூன்று வருடத்தில் யாரும் என்னை இவ்வளவு மோசமாகத் திட்டியதில்லை. அவர் பாராட்டத்தான் செய்தார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சரி, எழுதிவிடுகிறேன். துப்பட்டாவை எழுதியது நான்.

அன்று நாலாம் பக்கத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம் கடைசி நேரத்தில் வராமல் போய்விட்டது. இரண்டு பத்தி அகலத்தில் பதினெட்டு வரிக்கு இடம் காலி, எங்கள் பேச்சில் பள்ளம். மணி ஏழே முக்கால். கையில் இருந்தது செபஸ்தியானின் ஆறு வரி. 'மெஷினில் சிக்கி இறந்தார்' என்று மட்டும் இருந்தது, எது சிக்கியது என்று இல்லை. விபத்துச் சாவு அச்சில் காரணத்துக்கு என்று ஒரு வரி உண்டு. அது காலியாக இருந்தால் செய்தி பல் விழுந்த வாய் மாதிரி எனக்குத் தெரியும். மில்லில் இறந்தது பெண் என்றால் துப்பட்டா, இல்லாவிட்டால் முடி. இதற்கு முன் வந்த இரண்டு மூன்று செய்திகளில் துப்பட்டாதான் இருந்தது. அதனால் கை தானாக அடித்துவிட்டது.

கை தானாக அடிக்காது. நான்தான் அடித்தேன். ஒரு போன் போட்டிருக்கலாம். செபஸ்தியான் நம்பர் மனப்பாடம். போட்டிருந்தால் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

வெட்கமாக இருக்கிறது. இன்று சாம்பாரில் இரண்டு முறை உப்புப் போட்டேன், அவர் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுப் பிசைந்து சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 25, திங்கள்

காலையில் பேப்பர் வாசித்தேன். விபத்துச் செய்தி ஒன்று, லாரி மோதி ஒருவர் இறந்தது. முடித்ததும் அவர், "ஒரு எடத்துல மட்டும் வண்டிய வேகமா ஓட்டிட்டியே" என்றார்.

"எங்க?"

"எதிர்பாராதவிதமாகன்னு வந்துச்சுல்ல, அங்க. ஒரு வாரமா அந்த வார்த்தை வந்தாலே ஓடுற. என்னாச்சு?"

கறுப்புக் கண்ணாடிக்குள் கண் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியாததால் சொல்வது சுலபமாக இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று துப்பட்டாவையும் நிறத்தோடு சொன்னேன்.

"வேல போயிருமா?" என்றார்.

"போகலாம்."

"ம்" என்றார். பிறகு, "மணி ஒம்பது ஆயிருக்கும், மருந்தப் போடு" என்று தலையை அண்ணாந்தார். முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது.

ஆகஸ்ட் 28, வியாழன்

நேற்று விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை விண்டு போயிற்று. ஆனாலும் ஒரு டப்பாவில் போட்டு நல்லசிவத்துக்கு எடுத்துப் போனேன். கேட்கப்போவது சின்ன விஷயம் இல்லையே.

எல்லாம் கேட்டுவிட்டு, கதவைச் சாத்தினார். "நீங்களா மேடம்?" என்றார். அது ஒன்றைத்தான் இரண்டு தடவை கேட்டார்.

"திருத்தம் போடணும் சார்."

"போடலாம். ஆனா பக்குவமாப் போடணும். நாமளே கற்பனை பண்ணி எழுதுனோம்னு போட்டா நாளைக்கு எந்தச் செய்தியையும் எவனும் நம்ப மாட்டான். மூணு வரி. நீங்களே எழுதிக் குடுங்க."

எழுதினேன். எனக்குத் தெரிந்த எல்லாத் திறமையையும் வைத்து எழுதினேன்.

செப்டம்பர் 1, திங்கள்

ஆறாம் பக்கத்தில், ஏல அறிவிப்புக்குக் கீழே வந்திருக்கிறது:

திருத்தம்: கடந்த ஜூன் 18 அன்று வெளியான மில் விபத்து குறித்த செய்தியில் 'துப்பட்டா' என்ற சொல் தவறுதலாக இடம்பெற்றுவிட்டது. வருந்துகிறோம்.

பஞ்சவர்ணத்துக்குப் போன் செய்து சொன்னேன். பக்கத்துக் கடையில் பேப்பர் வாங்கிப் பார்ப்பதாகச் சொன்னார். மனசு லேசானது. மிக்சியை ரிப்பேருக்குக் கொடுத்தேன்.

செப்டம்பர் 4, வியாழன்

பஞ்சவர்ணம் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை உட்கார்ந்தார்.

"எங்க வீட்டுக்காரருக்கு வாசிச்சுக் காட்டுனேன் மேடம். புரியலங்கிறாரு. எனக்கும் புரியல. 'இடம்பெற்றுவிட்டது'ன்னா என்ன? அதுவா வந்து உக்காந்துக்கிருச்சா?"

"இல்லம்மா. தவறுதலா..."

"யாரு தவறுதலா? எம்மக பேரு போட்டீங்க. வயசு போட்டீங்க. அவ அப்பன் பேரு, என்ன வேலை, எந்தத் தெரு, எல்லாம் போட்டீங்க. இதுல ஒருத்தர் பேரும் இல்லையே. மில்லு வக்கீலு சொல்றாரு, நாங்க வந்து அழுததால நீங்க மாத்திப் போட்டுட்டீங்களாம், முதல்ல போட்டதுதான் நெசமாம்."

பதினைந்தாம் தேதி விசாரணை. தொழிற்சாலைகளைப் பார்க்கும் அதிகாரி முன்னால் எல்லோரும் போக வேண்டுமாம்.

"அந்த நிருபர் தம்பியக் கூட்டிட்டு வர்றீங்களா மேடம்? அவருதான எழுதுனது?"

நான் பதினாறு நாளுக்கு முன் சொன்ன பொய் அப்படியே அவர் வாயிலிருந்து திரும்பி வந்தது. அவர் என்னை நம்பிக்கொண்டிருந்தார்.

"அவரு எழுதலம்மா. நான்தான் எழுதுனேன்" என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க அங்க வந்திருந்தீங்களா?" என்றார். எங்கே என்று கேட்டேன். "மில்லுக்கு. எம்மவளப் பாத்தீங்களா?"

"இல்ல."

"பாக்காமயா" என்றார். மடியில் இருந்த பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

செப்டம்பர் 8, திங்கள்

விசாரணை அதிகாரிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் வந்தது. வாசித்துப் பார்த்தேன்.

இருபத்து மூன்று ஆண்டுகளாகப் பத்திரிகைத் துறையில் பணியாற்றி வருகிறேன் என்று ஆரம்பம். பிறகு ஒரு நாளைக்கு எத்தனை செய்தி வருகிறது, டெஸ்க்கில் ஆட்கள் எத்தனை பேர் குறைவு, பள்ளம் விழுந்த விளம்பரம், இதுபோன்ற செய்திகளுக்கு உள்ள வழக்கமான வடிவம், எல்லாம் வரிசையாக. துப்பட்டா இரண்டாம் பக்கத்தில், பதினோராவது பத்தியில் வந்தது. தீ விபத்துக்காரர் தேவலாம்.

இதை ஒரு நிருபர் அனுப்பியிருந்தால் என்ன செய்திருப்பேன்? சிவப்புப் பேனாவை எடுத்தேன். இருபத்து மூன்று ஆண்டுகளை அடித்தேன். ஆள் குறைவை அடித்தேன். விளம்பரத்தை அடித்தேன், அடித்த பிறகும் அதைத் திரும்பச் சேர்க்கலாமா என்று பத்து நிமிடம் யோசித்தேன். எவ்வளவு ஆசையாக இருக்கிறது, அதை வைத்துக்கொள்ள!

அடித்துக்கொண்டே வந்ததில் இன்னொன்றும் தெரிந்தது. கடிதம் முழுக்கத் துப்பட்டாவைச் சேர்த்ததைப் பற்றித்தான் இருந்தது. இந்த டைரியிலும் அப்படித்தான். ஆகஸ்ட் பதின்மூன்றாம் தேதி 'இரண்டு இடத்தில் வித்தியாசம்' என்று எழுதியிருக்கிறேன். ஒன்றைத்தான் சொன்னேன்.

செபஸ்தியான் அனுப்பிய ஆறாவது வரி இது: 'மெஷினுக்கு மூடி கழட்டி ரொம்ப நாளா மாட்டலன்னு கூட வேலை பாக்குற பிள்ளைங்க சொல்றாங்க, விசாரிச்சுச் சொல்றேன் மேடம்.'

கையோ துணியோ உள்ளே போகாமல் தடுக்கிற மூடி அது. கடைசி வரி, வாலில் இருந்தது. உறுதி செய்யாத தகவல் என்று வெட்டினேன். வெட்டியது சரி என்றுதான் எந்தக் கையேடும் சொல்லும். உறுதி செய்யாததை வெட்டுகிற அளவுக்குக் கறாரான கை, அதே செய்தியில் உறுதி செய்யாத ஒன்றை எழுதியதே, அது எந்தக் கை? மறுநாள் விசாரித்தீர்களா என்று செபஸ்தியானிடம் நான் கேட்கவும் இல்லை. பக்கம் நிரம்பிவிட்டது. அன்றைக்கு எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

செப்டம்பர் 12, வெள்ளி

நல்லசிவத்திடம் கடிதத்தைக் காட்டினேன். சொல்லாமல் போவது சரியில்லை.

மூன்று தடவை வாசித்தார். "மேடம், இதுல கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னா மேலிடத்துல உங்கள டெஸ்க்ல வெச்சுக்க மாட்டாங்க. என்னால தடுக்க முடியாது."

"தெரியும் சார்."

"நாங்க திருத்தம் போட்டுட்டோம். சட்டப்படி அது போதும்."

"அதுல பேர் இல்ல சார்."

"யாரு பேரு?"

"என் பேரு."

கடிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தார். கதவு வரை வந்தவர், "அந்தக் கையேடு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பாவம், அவருக்கும் ஒன்றும் ஓடவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

அவருக்கு நேற்றுக் கறுப்புக் கண்ணாடியை எடுத்துவிட்டார்கள். சொட்டு மருந்தும் வெள்ளை மட்டும், இரண்டு வேளை. டைரிக்கு இனி அந்த வேலை இல்லை.

கடிதத்தைத் திரும்ப எழுதினேன். எப்படி ஆரம்பிப்பது என்று காலையிலிருந்து குழம்பினேன். கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே வடிவத்தில் எழுதினேன். மில்லின் பெயரை முழுதாக எழுதினேன், இருபத்து மூன்று வருடத்தில் முதல் தடவை. எங்கள் பத்திரிகையின் பெயரையும் எழுதினேன். முதல் பத்தி மட்டும் இங்கே:

திண்டுக்கல் நாகல்நகர் இரண்டாவது தெருவைச் சேர்ந்தவர் வேதநாயகி (வயது 51). நாளிதழ் உதவி ஆசிரியர். இவர் கடந்த ஜூன் 17 அன்று மாலை, ரோகிணியின் மரணம் பற்றி நிருபர் அனுப்பிய தகவலில் இல்லாத துப்பட்டா ஒன்றைத் தானே எழுதிச் சேர்த்தார். எந்திரத்துக்கு மூடி இல்லை என்று சக தொழிலாளர்கள் கூறியதாக நிருபர் அனுப்பிய வரியை வெட்டினார். யாரிடமும் விசாரிக்கவில்லை. சம்பவ இடத்துக்கு அவர் செல்லவில்லை.

எதிர்பாராதவிதமாக என்று எங்கும் இல்லை. கீழே செபஸ்தியானின் ஆறு வரியையும் தேதி நேரத்தோடு அச்செடுத்து இணைத்தேன்.

வீட்டுக்காரர் வாங்கி, கையை நீட்டித் தள்ளி வைத்து, தானே வாசித்தார். ஓடாமல், நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று வாசித்தார். "சரியாத்தான் இருக்கு. போ" என்றார்.

செப்டம்பர் 15, திங்கள்

கிளம்பும்போதே அலுவலகத்திலிருந்து போன் வந்துவிட்டது. நாளை முதல் நான் மாவட்டப் பக்கத்துக்கு வேண்டாம், ராசிபலனும் கோலப் பக்கமும் பார்த்தால் போதும். அனுப்பிவிடவில்லை. அதுவரைக்கும் சரி.

கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் சின்ன அறை. அதிகாரி, மில் மேலாளர், அவர்கள் வக்கீல், இந்தப் பக்கம் பஞ்சவர்ணமும் அவர் கணவர் வீரணனும். வீரணனை இன்றுதான் பார்த்தேன். சட்டையின் மேல் பொத்தானைக் கழுத்துவரை போட்டு, யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்து நின்றார். ஜவுளிக்கடைப் பை பஞ்சவர்ணத்திடம் இருந்தது.

அதிகாரி என் கடிதத்தை முதலிலிருந்து சத்தமாக வாசித்தார். என் தெரு, என் பெயர், என் வயது. இத்தனை வருடம் நான் எத்தனை பேரை இப்படி அடைப்புக்குறிக்குள் வைத்திருக்கிறேன். உள்ளே இருந்து பார்க்கும்போதுதான் எவ்வளவு சின்ன இடம் என்று தெரிகிறது.

வக்கீல் எழுந்தார். "மேடம், அந்தப் பொண்ணு துப்பட்டா போடலன்னு உங்களுக்கு நேர்ல தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாம எப்படி இல்லன்னு சொல்றீங்க?"

"இல்லன்னு நான் சொல்லல. இருக்குன்னு எழுதுனேன். அதையும் தெரியாமதான் எழுதுனேன். அதை மட்டும் சொல்ல வந்தேன்."

அவர் உட்கார்ந்துவிட்டார். அதிகாரி எங்கள் பத்திரிகை நகலை மில்லின் பதிலிலிருந்து உருவி, ஏதோ எழுதித் தனியாக வைத்தார். மூடி பற்றிச் சொன்ன தொழிலாளர்களை அடுத்த திங்கள்கிழமை கூப்பிட உத்தரவு போட்டார். செபஸ்தியானும் வர வேண்டும். முடிவு என்ன ஆகுமோ தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். வீரணன் முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அப்ப அது பேப்பர்ல வந்தது..."

"பொய்ங்க" என்றேன். "நான் எழுதுன பொய். துப்பட்டா போட்டிருந்தான்னு யாருமே சொல்லலைங்க."

"எம்புள்ளைய நான் மூணு மாசமா..." என்றார். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். என்னிடமிருந்து அது வந்தால் அவருக்கு என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. ஆனாலும் கேட்டேன்.

வீரணன் மனைவியிடமிருந்து அந்தப் பையை வாங்கினார். உள்ளே பார்த்தார். நீலத்தை விலக்கி, ரோஸை விலக்கி, பச்சையை விரலால் தொட்டுப் பார்த்தார். தொட்டு, எண்ணிப் பார்ப்பது போலிருந்தது. பிறகு பையின் வாயைச் சுருட்டி, இரண்டு கையாலும் நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

கரட்டுப்பட்டி பஸ் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை அவர் அதைக் கீழே வைக்கவே இல்லை.